பெரிய டீச்சர் போட்ட குரூப்

பெரிய டீச்சர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்பின் பலம் எனக்கு முதலில் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, திருவேங்கடம் ரோட்டில் ஒரு புரோட்டா கடையில். அன்றைக்குச் சோற்று டப்பாவை வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் பார்சலுக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் கனத்த உடம்புக்காரர் ஒருவர் சால்னாவில் ஊறிய புரோட்டாவைப் பிசைந்துகொண்டிருந்தார். மேசையில் கிடந்த அவருடைய போன் சத்தம் கொடுத்தது. இடது கை விரலால் தட்டினார்.

"ஏலே, பெரிய டீச்சர் பேசுதேன். எந்தி" என்றது குரல்.

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். வலது கையிலிருந்து சால்னா இலையில் சொட்டியது.

"வெள்ளிக்கெழம பிள்ளையளுக்கு நோட்டு எறக்கணும். ஒன் வண்டி வேணும். நாலு மணிக்கு வந்து நிக்கணும். என்ன, கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்" என்று போனைப் பார்த்துச் சொன்னார். அது எப்போதோ பேசிப் பதிந்து அனுப்பிய குரல். இவர் சொன்ன பதில் அந்தக் கடைச் சுவரைத் தாண்டிப் போகாது. ஆனாலும் பதில் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி, உக்காந்துக்கிட்டே கேக்கலாமே. அவங்களுக்குத் தெரியவா போகுது?" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மேடம் வெளியூரா?" என்றார்.

ஆமாம், நான் வாசுதேவநல்லூர்க்காரி. வாக்கப்பட்டு வந்த ஊர்தான் சங்கரன்கோவில். பெரிய டீச்சர் தலைமையாசிரியையாக இருந்த அரசு நிதியுதவிப் பள்ளியில் அறிவியல் டீச்சர் வேலை கிடைத்தபோது, கூடவே ஒரு ஊர் முழுக்க மாணவர்களாக இருப்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அப்பன், சித்தப்பன், வார்டு கவுன்சிலர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லாரும் பெரிய டீச்சரிடம் படித்தவர்கள். படித்து முடித்துவிட்டதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் அப்படி நினைக்கவில்லை. அவர் கணக்கில் எவனும் பாஸாகி வெளியே போகவே இல்லை.

ஆள் ஐந்தடிகூட இருக்க மாட்டார். ஆனால் தொண்டை பெரிசு. பள்ளிக்கூடம் இருப்பது தறி ஓடும் தெருவில். இரண்டு பக்கமும் விசைத்தறிகள் இரைந்துகொண்டே இருக்கும். முப்பது வருஷம் அந்த இரைச்சலோடு மல்லுக்கட்டி வளர்ந்த தொண்டை அது. பிள்ளைகள் அவரைப் பெரிய டீச்சர் என்றார்கள், அவர்களைப் பெற்றவர்களும் பெரிய டீச்சர் என்றார்கள், நானும் அப்படியே. எங்களையோ அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. தமிழ், கணக்கு, சயின்சு என்றுதான் கூப்பிடுவார். நான் சயின்சு.

அவருடைய கைபேசி ஒரு ஜாமெட்ரி பாக்ஸுக்குள் இருக்கும். உறை வாங்கித் தருகிறேன் என்றேன். "இதுலன்னா பூட்டலாம்லா" என்றார். திறந்தால் காம்பஸ், பென்சில் துண்டு, அதற்கு நடுவில் போன். அதில் பதிந்திருக்கும் பேர்களைப் பார்த்தால் அழுவதா சிரிப்பதா என்று தெரியாது. ஒருவருக்கும் அவரவர் பேர் கிடையாது. அவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த இடமும் குணமும்தான் பேர். புரோட்டா கடையில் எழுந்து நின்ற மினி லாரிக்காரர் 'சன்னலோரம்'. சவூதியில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிற ஒருவர் 'ரெண்டாம் பெஞ்ச் தூக்கம்'. எங்கள் வார்டு கவுன்சிலர் 'கோள்மூட்டி'.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். காலையில் மஞ்சள் வேன் ஒன்று தெருவுக்குள் வந்து, டை கட்டிய பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். ஆகஸ்டு மாதம் அதிகாரிகள் வந்து தலை எண்ணுவார்கள். தலை குறைந்தால் ஒரு ஆசிரியர் உபரி. உபரி என்றால் வேறு எந்த மாவட்டத்தில் இடம் இருக்கிறதோ அங்கே தூக்கிப் போட்டுவிடுவார்கள். கடைசியாகச் சேர்ந்தவள்தான் போக வேண்டும், அது நான். எனக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வீட்டுக்காரர் கடன் வாங்கித் தறி போட்டிருக்கிறார். தறியைத் தோளில் தூக்கிக்கொண்டு அவர் என் பின்னால் வர முடியுமா? அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை இருமினாலும் நான்தான் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். தலைமை ஆசிரியர்களும் ஆசிரியர்களும் தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் அரவணைப்பது எப்படி என்பது தலைப்பு. அரவணைப்பு என்ற சொல்லைப் பயிற்சியாளர் காலையிலிருந்து சாயங்காலம் வரை விடவில்லை. இளைஞர். கழுத்தில் மைக், காலில் வெள்ளை ஷூ. படம் மாற்றி மாற்றிப் போட்டார். நாங்கள் வடையை அரவணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பெரிய டீச்சர் மட்டும் கை தூக்கினார். "அப்பம், ஊர்ல உள்ளவன் எல்லாம் இந்தப் போனுக்குள்ள வந்து உக்காருவானா?"

"ஆமாம் மேடம். ஒரே குழுவில்."

"நான் பேசுதது எல்லாவனுக்கும் ஒரே நேரத்துல கேக்கும்?"

"கேட்கும் மேடம். யார் யார் கேட்டார்கள் என்றும் பார்க்கலாம்."

"சேட்ட பண்ணுதவன வெளிய நிறுத்தலாமா?"

பயிற்சியாளர் கொஞ்சம் யோசித்தார். "நீக்கலாம் மேடம். மறுபடி சேர்க்கவும் செய்யலாம்."

பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "ஏட்டி சயின்சு, இத ஏன் இவ்வளவு நாளா எனக்குச் சொல்லல?" என்றார்.

பெற்றோரை மட்டும் சேர்க்கச் சொன்னார்கள். இவரோ தன்னிடம் படித்த எல்லாரையும் சேர்த்தார். குரூப் நிறைந்து வழிந்தது. இன்னொரு குரூப் போட்டோம், அதுவும் நிறைந்தது. மாவட்டத்திலேயே பெரிய பெற்றோர் குழு எங்களுடையது என்று பயிற்சியாளர் பாராட்டி ஒரு கோப்பைப் படம் அனுப்பினார். பெஞ்சில் ஆள் இல்லை என்பதை அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

போனில் பொத்தான் அழுத்தத் தெரியும் என்ற ஒரு குற்றத்துக்காக அந்த வேலை முழுக்க என் தலையில் விழுந்தது. பெரிய டீச்சர் பேசுவார், நான் அழுத்த வேண்டும். காலையில் முதல் மணி அடித்ததும் குரூப்பில் ஒரு குறள், அதற்குப் பொருள். பிறகு யாரும் மூச்சு விடக் கூடாது. ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் போட்டவர்களுக்கு, "வகுப்புக்குள்ள பூ எதுக்குலே? கோயிலுக்குக் கொண்டு போ" என்று குரல் போகும். இரண்டாம் தடவை போட்டால் என் பக்கம் திரும்புவார். "சயின்சு, இவன ஒரு பீரியடு வெளிய நிறுத்து." நீக்குவேன். அடுத்த மணி அடித்ததும் மறுபடி சேர்ப்பேன். என் பாடம் அப்படியே கிடக்கும்.

கவுன்சிலருக்குப் பிறந்தநாள் வந்தது. தன் படத்துக்கு மேலே இரண்டு சிங்கம், கீழே பத்து ஆதரவாளர் தலை என்று ஒரு பேனரைக் குரூப்பில் போட்டுவிட்டார். பெரிய டீச்சர் அவரை அன்று முழுக்க வெளியே நிறுத்தச் சொன்னார். "டீச்சர், கவுன்சிலர்" என்றேன். "மூணாப்புலயும் இவன் இப்பிடித்தான், செவுத்துல தம்பேர எழுதுவான்" என்றார்.

மறுநாள் கவுன்சிலர் நேரில் வந்துவிட்டார். கூட வந்தவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, தனியாக வராந்தாவில் வந்து நின்றார். "உள்ள வரலாமா டீச்சர்?"

"எதுக்கு வந்த?"

"குரூப்புல சேத்துக்கிடுங்க டீச்சர். நாலு பேரு கேக்கான். வெளிய சொல்ல முடியல."

சேர்த்துக்கொண்டார். பேனர் பிறகு வரவே இல்லை.

அப்புறம் ஐப்பசி மழை வந்தது. நாளைக்குப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று ஒரு பொய்ச் செய்தி எங்கிருந்தோ கிளம்பியது. தம்மாமில் இருக்கிற ரெண்டாம் பெஞ்ச் தூக்கம் அதை வாங்கி எங்கள் குரூப்பில் போட்டுவிட்டார். அங்கே ஒரு பொட்டு மழை கிடையாது. இங்கே பாதிப் பிள்ளைகள் வரவில்லை. அதிகாரி யாராவது அன்றைக்குத் திடீர்ச் சோதனைக்கு வந்து எண்ணியிருந்தால் நான் அன்றே உபரி.

பெரிய டீச்சர் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தார். "ஏலே தூக்கம், நீ இருக்குத பாலைவனத்துலயா மழ பெஞ்சிச்சு? பதினாறாம் வாய்ப்பாடு சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

அரை மணி நேரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் டிரெய்லர் இன்ஜின் உறுமுகிறது. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், கைகட்டிக்கொண்டே சொல்வது குரலில் தெரிந்தது. "ஒரு பதினாறு பதினாறு, ரெண்டு பதினாறு முப்பத்தி ரெண்டு" என்று வந்தவர் ஏழில் தடுக்கி, நூற்றிப் பத்து என்றார். திருப்பூரிலிருந்து ஒருவர், "நூத்திப் பன்னெண்டுலே" என்று எடுத்துக்கொடுத்தார். "ஒன்னக் கேக்கல, நீயும் எந்தி, சேந்து சொல்லு" என்றார் பெரிய டீச்சர்.

இதை எந்தப் புண்ணியவானோ வெளியே எடுத்து, ஒட்டகம் நடக்கிற படத்தோடு ஒட்டி ஊருக்கெல்லாம் விட்டான். அது எங்கெங்கோ ஓடியது. முதலில் கல்வி அலுவலகத்திலிருந்து பாராட்டி ஒரு போன் வந்தது, பெற்றோர் பங்கேற்பில் புதுமை என்று. அடுத்து கண்டித்து ஒரு போன் வந்தது, பெற்றோரின் கண்ணியத்துக்குப் பங்கம் என்று. இரண்டும் ஒரே அதிகாரிதான். இடையில் அவருக்கு மேலே யாரோ பார்த்திருக்கிறார்கள். முடிவில், இனிமேல் எங்கள் குரூப்பில் நேர்மறை மொழி மட்டுமே வர வேண்டும் என்று உத்தரவு. பயிற்சியாளரே மாதிரிச் செய்திகள் எழுதி அனுப்பினார். எல்லாவற்றிலும் பூ.

பெரிய டீச்சர் அவற்றைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டார். குரூப் மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது. ஜூன் வந்து பள்ளி திறந்தது. ஜூலையும் வந்தது. மஞ்சள் வேனுக்கு இன்னொரு வேன் துணை வந்தது. எண்ணிப் பார்த்தேன், எப்படிக் கூட்டினாலும் தலை போதவில்லை. எனக்கு மானம் வெட்கம் பார்க்க நேரமில்லை. அவர் மேசைக்கு முன்னால் போய் நின்று அழுதுவிட்டேன். "டீச்சர், ஒங்க குரலக் கேட்டுத்தான் எல்லாரும் பயப்படுதாங்க. ஒரே ஒரு தடவ அந்தப் பூ மெசேஜப் போடுவோம். நாலு பிள்ள சேந்தாலும் போதும். எம்பிள்ளையக் கைல வச்சுக்கிட்டு நான் எந்த ஊருக்குப் போவேன்?"

பெட்டியைத் திறந்து போனை எடுத்து நீட்டினார். "ஒனக்காவத்தான்" என்றார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, இனிய காலை வணக்கம். தங்கள் மேலான கருத்துகளை அன்புடன் வரவேற்கிறோம்" என்று போட்டு, இரண்டு ரோஜாவும் ஒரு சிரித்த முகமும் வைத்து அனுப்பினேன். பெரிய டீச்சர் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கப் போய்விட்டார்.

ஐந்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. தம்மாம். "மேடம், டீச்சருக்கு என்னாச்சு?"

"ஒண்ணுமில்லயே, நல்லாருக்காங்க."

"மறைக்காதீய மேடம். பூ போட்டுருக்கு."

அவரிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியில் ஏதோ மாறிவிட்டது போல இருந்தது. என்னவென்று பிறகுதான் உறைத்தது. தறிச் சத்தம் நின்றிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் தெரு நிறைய ஆள். பைக்கில் வந்தவர்கள், கைலியோடு ஓடி வந்தவர்கள், பஞ்சுத் தூசி ஒட்டின தலையோடு தறிக்கூடத்துப் பெண்கள். ஒரு ஆட்டோவை ஆஸ்பத்திரிப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்திவிட்டார்கள். போனை எவனோ களவாண்டுவிட்டான் என்று ஒரு கட்சி, டீச்சருக்கு நெஞ்சுவலி என்று ஒரு கட்சி. தறிக்குப் பாவு நூல் போடுகிற பெண் ஒருத்தி கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போன மாசங்கூட மார்க்கெட்டுல வச்சு என்னய ஏசுனாங்களே. நல்லாத்தான இருந்தாங்க."

பெரிய டீச்சர் கையில் சாக்பீஸோடு வெளியே வந்தார். கூட்டத்தை ஒரு முறை பார்த்தார்.

"இங்கன யாரு செத்துட்டா?"

அந்தக் குரலைக் கேட்டதும் தெருவே மூச்சு விட்டது. சிலர் சிரித்தேவிட்டார்கள்.

"சிரிப்பு என்ன? வரிசையா நில்லுங்க. ஒயரப்படி."

தொந்தியும் நரையுமாக உள்ளே வந்து உயரப்படி நின்றார்கள். எனக்கு உள்ளுக்குள் ஆசை துளிர்த்தது. இத்தனை பேர் வந்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு பிள்ளை சேர்த்தால்கூட நான் பிழைத்தேன். பெரிய டீச்சருக்கும் அதே நினைப்புத்தான் போல. வரிசையில் முதலில் நின்ற சன்னலோரத்திடம் போனார்.

"உம்பிள்ள எங்கன படிக்கு?"

மினி லாரிக்காரர் தரையைப் பார்த்தார். "வேன்ல போறான் டீச்சர்."

அடுத்தவர். "வேன் டீச்சர்." அடுத்தவரும் வேன். கவுன்சிலர் வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டும் வேன். வரிசை முழுக்க நடந்தார். எங்கள் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தார்கள். அவர் சொன்னால் எழுந்து நிற்பார்கள், லாரியைக் கொண்டுவருவார்கள், தறியை நிறுத்திவிட்டு ஓடிவருவார்கள். பிள்ளையை மட்டும் தர மாட்டார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஏம்லே?" என்றார் பெரிய டீச்சர். அதட்டவில்லை, கேட்டார்.

கேட்டைப் பிடித்து அழுத அந்தப் பெண்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். குத்திக்காட்டும் எண்ணம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை.

"ஒங்க பேரனும் அந்த வேன்லதான டீச்சர் வாரான்."

எனக்கு விஷயம் தெரியும், பள்ளியில் எல்லாருக்கும் தெரியும், பேச மாட்டோம். மகன் சென்னையில் வேலை, மருமகளும் பேரனும் இவரோடு. பிள்ளை எங்கே படிப்பது என்பது மருமகள் முடிவு. "வீட்டுல நான் கடைசி பெஞ்சு, சயின்சு" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

"ஆமா. போறான்" என்றார்.

சாக்பீஸை என் கையில் கொடுத்தார். நேராக நடந்து கேட்டைத் தாண்டி, காம்பவுண்டு சுவரை ஒட்டி வெயிலில் போய் நின்றார். கவுன்சிலர் பதறிப் பின்னால் ஓடினார். "டீச்சர், என்ன செய்யுதிய?"

"வெளிய நிக்கேன். ஒரு பீரியடு."

வரிசையில் நின்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சன்னலோரம் முதலில் நகர்ந்தார், அவர் பக்கத்தில் போய்ச் சுவரோரம் நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லாரும் அங்கே போய் நின்றுவிட்டார்கள். உள்ளே நானும் பிள்ளைகளும்தான் மிச்சம். மணி அடித்தது. பெரிய டீச்சர் அசையவில்லை. வெளியே நிற்கிறவரை உள்ளே வரச்சொல்லி யாராவது கூப்பிட வேண்டும், அதுதான் முறை. அவரை உள்ளே கூப்பிடுகிற அதிகாரம் அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் கிடையாது.

வெயில் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் சன்னலோரம் கைகட்டிக்கொண்டு, "டீச்சர், உள்ள வாங்க" என்றார்.

"உள்ள கூப்புடுதவன் கைகட்டப்பிடாது. கைய எடுத்துட்டு நல்லாச் சொல்லு."

கையை எடுத்தார். "உள்ள வாங்க டீச்சர்" என்று கத்திச் சொன்னார், சொல்லிவிட்டு அழுதுவிட்டார். பெரிய டீச்சர் உள்ளே வந்து, விட்ட இடத்திலிருந்து ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலையில் மஞ்சள் வேன் பெரிய டீச்சர் வீட்டு முன்னால் வந்து ஆரன் அடித்துவிட்டு ஆள் வராமல் போனது. பெரிய டீச்சர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு நடந்து வந்தார். பையன் இன்னும் டை கட்டியிருந்தான். வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன். "ராத்திரியிலேருந்து சோறு நானே பொங்கிக்கிடுதேன்" என்றார். பேரனை நாலாம் வகுப்பில் சன்னலோரமாக உட்காரவைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து போனை எடுத்தார்.

"ஏலே, பெரிய டீச்சர் பேசுதேன். எம்பேரன் வந்துட்டான். மத்தவன் எங்க?"

சாயங்காலமே மினி லாரி வந்து நின்றது. அதிலிருந்து மகன் இறங்கினான், பின்னால் சன்னலோரம் இறங்கினார். கவுன்சிலர் ஒரு பிள்ளையை மட்டும் கொண்டுவந்தார். பெரிய டீச்சர் பார்த்த பார்வையில் மறுநாள் அடுத்ததையும் கொண்டுவந்தார். எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சொன்னால் பொய். பாதிப் பேர் இன்றுவரை வேன்தான். ஆனாலும் ஆகஸ்டில் வந்து எண்ணியவர்கள் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, போதும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் அங்கேயே தங்கினேன். அந்த வருஷக் கடைசியில் பெரிய டீச்சர் ஓய்வுபெற்றார்.

தலை எண்ணிய மறுவாரம் பயிற்சியாளரிடமிருந்து போன் வந்தது. நான்தான் ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். தன்னுடைய அடுத்த பயிற்சியில் எங்கள் பள்ளியை முன்மாதிரியாகக் காட்டப்போகிறாராம்.

"மேடம், சமூக ஊடகம் வழியாக மாணவர் சேர்க்கையை உயர்த்தியிருக்கிறீர்கள். எந்த உத்தியைப் பயன்படுத்தினீர்கள்?"

"வெளிய நின்னேன் தம்பி."

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அதற்கு எந்த ஆப் மேடம்?" என்றார்.

பெரிய டீச்சர் போனை எடுத்து ஜாமெட்ரி பாக்ஸுக்குள் காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்து மூடினார். உள்ளே பயிற்சியாளர் இன்னும் மேடம், மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.